நுண்புரைச் சட்டகங்களும் இயற்கை எரிவாயுத் தூய்மையும்

முன்னுரை

தமிழில் ‘புரை’ என்னும் சொல்லுக்குக் குற்றம் என்றும் உட்டுளை என்றும் பொருள் உண்டு. மரத்தில் புரை விழுந்தால் தச்சர் அதனை ஒதுக்கிவிடுவார். வார்ப்பில் புரை இருந்தால் கொல்லர் அதனை மீண்டும் உலையில் இடுவார். ஒரு பொருளின் உள்ளே வெற்றிடம் இருப்பது குறையே என்பது நம் நெடுநாளைய எண்ணம். ஆனால் அண்மைக் கால வேதியியல், அந்தப் புரையையே பயனாகக் கொண்ட ஒருவகைப் பொருள்களை ஆக்கித் தந்துள்ளது. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் பிணைத்துக் கட்டப்படும் இப்பொருள்கள் ‘உலோக-கரிமச் சட்டகங்கள்’ எனப்படும். இவற்றை உருவாக்கி வளர்த்தமைக்காக ஜப்பானின் சுசுமு கிட்டகாவா, ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவில் பணியாற்றும் ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இச்சட்டகங்களின் பயன்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இயற்கை எரிவாயுவில் கலந்துள்ள மாசுகளைத் தேர்ந்து நீக்க இவை எவ்வாறு துணைபுரியும், எவ்விடத்தில் தடுமாறுகின்றன என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

இயற்கை எரிவாயு தூயதா?

இயற்கை எரிவாயுவைத் தூய எரிபொருள் என்று கூறுவது வழக்கம். நிலக்கரியோடு ஒப்பிடுகையில் அது உண்மையே. ஆயினும் கிணற்றிலிருந்து வெளிவரும் நிலையில் அது தூயதன்று. அதன் பெரும்பகுதி மீத்தேன். அதனோடு ஈத்தேன், புரோப்பேன் முதலிய ஹைட்ரோகார்பன்களும், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, நைட்ரஜன், நீராவி ஆகியனவும் கலந்திருக்கும். சில கிணறுகளில் பாதரச ஆவியும் மிகச் சிறிய அளவில் காணப்படும். நம் இல்லங்களுக்கு உருளையில் வரும் சமையல் எரிவாயு வேறு. அது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இங்கு நாம் பேசுவது மீத்தேனை முதன்மையாகக் கொண்ட நிலத்தடி எரிவாயுவைப் பற்றியதாகும்.

மாசின் அளவு இடத்துக்கு இடம் மாறும். இந்தோனேசியாவின் நத்துனா கடற்பகுதியில் உள்ள பெரிய வயல் ஒன்றில் கார்பன் டை ஆக்சைடு மட்டும் ஏறத்தாழ 70 விழுக்காடு உள்ளது. நார்வே நாட்டின் ஸ்லைப்னர் வயலில் அது ஏறத்தாழ 9 விழுக்காடு. விற்பனைக்கு ஏற்ற அளவோ 2.5 விழுக்காடுதான். ஆகவே அங்கு 1996 முதல் அவ்வாயுவைப் பிரித்தெடுத்துக் கடலடிப் பாறையடுக்குக்குள் செலுத்தி வந்துள்ளனர். பிரான்சின் லாக் பகுதியில் 1951இல் கண்டறியப்பட்ட எரிவாயுவில் ஏறத்தாழ 15 விழுக்காடு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தது. சாதாரண எஃகுக் குழாய்கள் அதனைத் தாங்காமல் வெடிப்புற்றன. தாங்கக்கூடிய எஃகை உருவாக்கிய பின்னரே, 1957இல், அங்கு உற்பத்தி தொடங்கியது.

மாசு நீங்காவிடின் விளைவது யாது?

கார்பன் டை ஆக்சைடு எரியாத வாயு. எரிபொருளின் வெப்பமதிப்பைக் குறைக்கும். ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகிக் குழாயை அரிக்கும். எரிவாயுவைக் கப்பலில் ஏற்ற வேண்டுமாயின் அதனைச் சுழிக்குக் கீழ் 162 பாகை செல்சியசு வரை குளிர்வித்துத் திரவமாக்குவர். அப்போது அதன் பருமன் ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். அக்குளிரில் கார்பன் டை ஆக்சைடும் நீரும் கட்டியாக உறைந்து குழாய்களை அடைத்துவிடும். எனவே திரவமாக்கும் ஆலைகளில் கார்பன் டை ஆக்சைடு பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது. பாதரசம் அலுமினியத்தைக் கெடுக்கும். 1973இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா நகரத்து ஆலையில் அலுமினிய வெப்பப் பரிமாற்றி உடைந்ததற்கு எரிவாயுவில் இருந்த பாதரசமே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது.

ஹைட்ரஜன் சல்பைடோ உயிரைக் குடிக்கும் நஞ்சு. சிறிதளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். ஆனால் காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கு என்னும் அளவை நெருங்கும்போது முகரும் புலனே செயலிழந்துவிடும். நாற்றம் நின்றதால் ஆபத்து நீங்கிற்று என எண்ணுபவன் அங்கேயே வீழ்வான். 2003ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் சீனாவின் சோங்சிங் பகுதியில் கை மாவட்டத்துக் கிணறு ஒன்று கட்டுமீறி வெடித்தது. வெளிப்பட்ட ஹைட்ரஜன் சல்பைடு இரவோடு இரவாகச் சுற்றியிருந்த சிற்றூர்களில் பரவியது. 243 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அவ்வூர் மக்கள். எரிவாயுத் தூய்மை என்பது ஆலைக் கணக்கு மட்டுமன்று, கிணற்றோரத்தில் வாழும் மக்களின் உயிர்க்கணக்கும் ஆகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

வழக்கில் உள்ள முறை

அமில வாயுக்களை நீக்க இன்று உலகெங்கும் பெரிதும் கையாளப்படுவது அமீன் கரைசல் முறையாகும். இதற்கான காப்புரிமையை அமெரிக்காவின் பாட்டம்ஸ் என்பவர் 1930இல் பெற்றார். உயர்ந்த கோபுரத்தின் மேலிருந்து அமீன் கரைசல் இறங்கும்; கீழிருந்து எரிவாயு மேலேறும். அமிலத் தன்மையுள்ள கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் காரத் தன்மையுள்ள அமீனோடு வினைபுரிந்து கரைசலில் தங்கிவிடும். மீத்தேன் மேலே சென்றுவிடும். பின்னர் அக்கரைசலை ஏறத்தாழ 120 பாகை வரை சூடாக்கினால் பிடிபட்ட வாயுக்கள் வெளியேறும். கரைசல் மீண்டும் பயன்படும்.

இம்முறை நன்கு தேர்ந்த முறை. எனினும் இதற்கு ஒரு பெரிய குறை உண்டு. அமீன் கரைசலின் பெரும்பகுதி நீர். ஒவ்வொரு முறையும் அந்நீர் முழுவதையும் சூடாக்கிக் குளிர்விக்க வேண்டியுள்ளது. பிடித்த வாயுவை விடுவிப்பதற்குச் செலவாகும் வெப்பத்தில் ஒரு பகுதி வெறும் நீரைச் சூடாக்கவே வீணாகிறது. அன்றியும் அமீன் காலப்போக்கில் சிதையும், குழாயை அரிக்கும். பெரிய வயல்களுக்கு இச்செலவு கட்டுபடியாகும். சிறிய கிணறுகளுக்கு ஆகாது. எனவேதான் திண்மப் பொருளின் பரப்பில் மாசைக் கவரும் முறைகளை அறிஞர் நாடினர்.

உட்கவர்தலும் பரப்புக் கவர்தலும்

இவ்விடத்தில் இரு கலைச்சொற்களை மாணவர் தெளிவாகப் பிரித்தறிதல் வேண்டும். பஞ்சு நீரை உறிஞ்சுவது போலவும், அமீன் கரைசல் வாயுவைத் தன்னுள் ஏற்பது போலவும், ஒரு பொருள் மற்றொன்றைத் தன் உடல் முழுவதும் ஏற்பது ‘உட்கவர்தல்’. ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் மட்டும் வாயு மூலக்கூறுகள் வந்து படிந்து தங்குவது ‘பரப்புக் கவர்தல்’. அவை மீண்டும் அப்பரப்பை விட்டு அகல்வது ‘பரப்பு நீக்கம்’. மருந்துப் புட்டியினுள் இடப்படும் சிறு பொட்டலத்தை நாம் அறிவோம். அதிலுள்ள சிலிக்கா மணிகள் ஈரத்தைத் தம் நுண்துளைப் பரப்பில் கவர்ந்து மருந்தைக் காக்கின்றன. சூடாக்கி உலர்த்தினால் அம்மணிகள் ஈரத்தை விட்டுவிடும், மீண்டும் பயன்படும்.

கவர்தல் பரப்பில் நிகழ்வதாகையால் பரப்பு மிகுந்தால் கவரும் அளவும் மிகும். ஒரு கட்டியை வெளியே எவ்வளவு பெரிதாக்கினாலும் பரப்பு அவ்வளவாகப் பெருகாது. உள்ளே எண்ணற்ற அறைகளை அமைத்தால் பெருகும். சிறந்த தூண்டிய கரியின் 1 கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு உள்ளது. உலோக-கரிமச் சட்டகங்கள் சிலவற்றில் இது 7,000 சதுர மீட்டரை எட்டியுள்ளது. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே ஒரு சிட்டிகை தூளுக்குள் ஒன்றரை ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் மடிந்து கிடக்கிறது எனலாம்.

கரியிலிருந்து ஜியோலைட் வரை

கரியின் கவரும் ஆற்றலை மனிதர் நெடுங்காலமாக அறிவர். ஆனால் கரியின் துளைகள் ஒழுங்கற்றவை. சிறிதும் பெரிதுமாக இருக்கும். ஒழுங்கான துளையுள்ள பொருளை இயற்கையே பாறையில் வைத்திருந்தது. 1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலார் குரோன்ஸ்டெட், ஒருவகைக் கல்லைச் சூடாக்கியபோது அது நீராவியை வெளிவிட்டுக் கொதிப்பது போல் தோன்றுவதைக் கண்டார். அதற்குக் கொதிக்கும் கல் என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களால் ‘ஜியோலைட்’ எனப் பெயரிட்டார். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆன இவ்வகைப் பொருள்களை 1940களின் இறுதியில் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கினர். இன்று எரிவாயுவிலிருந்து ஈரத்தை நீக்க இவையும் பயன்படுகின்றன.

ஜியோலைட் உறுதியானது, மலிவானது. ஆனால் அதன் துளையை நாம் விரும்பியவாறெல்லாம் மாற்றியமைக்க இயலாது. மேலும் அது நீரின்பால் பெருவிருப்புடையது. ஈரமான வாயுவை அனுப்பினால் கார்பன் டை ஆக்சைடுக்குரிய இடங்களை நீரே நிரப்பிக்கொள்ளும். ‘நமக்கு வேண்டிய அளவிலும் வேண்டிய இயல்பிலும் துளையை நாமே திட்டமிட்டுக் கட்ட இயலாதா?’ என்னும் வினா இங்கு எழுந்தது. அதற்கான விடையே உலோக-கரிமச் சட்டகம்.

சட்டகம் உருவான வரலாறு

1974இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்த ராப்சன், மாணவர்க்கு மூலக்கூறு மாதிரிகள் செய்வதற்காக மரப்பந்துகளில் துளையிட ஏற்பாடு செய்தார். எந்தப் பந்தில் எக்கோணத்தில் துளை அமைய வேண்டும் என்பதைக் குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. துளை சரியான இடத்தில் அமைந்துவிட்டால் கட்டமைப்பு தானாகவே சரியாக அமைவதைக் கண்டார். பந்துக்குப் பதிலாக அயனியையும் குச்சிக்குப் பதிலாகக் கரிம மூலக்கூறையும் வைத்தால் என்ன என்னும் எண்ணம் அவருள் பிறந்தது. பத்தாண்டுகளுக்குப் பின்னரே அதனைச் சோதித்தார். தாமிர அயனியையும் நான்கு கைகளையுடைய கரிம மூலக்கூறையும் சேர்த்து, வைரத்தின் அமைப்பை ஒத்த, ஆனால் உள்ளே பெரிய வெற்றிடங்களைக் கொண்ட படிகத்தை 1989இல் வெளியிட்டார். வகுப்பறைக்கான ஏற்பாடு ஒரு புதிய துறைக்கு வித்தாயிற்று.

அவருடைய கட்டமைப்புகள் எளிதில் குலையக்கூடியனவாக இருந்தன. உள்ளிருந்த கரைப்பானை நீக்கினால் கூரை இடிந்த வீடு போல் அவை சரிந்துவிடும் என்று பலர் கருதினர். கிட்டகாவாவின் தொடக்க கால ஆய்வுக்கு நிதியளிப்போர் இதனால் என்ன பயன் என்று தயங்கினர். அவர் தளரவில்லை. 1997இல் அவர் குழுவினர் உருவாக்கிய சட்டகம், உலர்த்திய பின்னும் நிலைகுலையாமல் மீத்தேன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய வாயுக்களை ஏற்று மீண்டும் வெளிவிட்டது.

யாகி 1965இல் ஜோர்தான் நாட்டின் அம்மான் நகரில், பாலஸ்தீன ஏதிலியர் குடும்பத்தில் பிறந்தவர். மின்வசதி இல்லாத ஓரறை வீட்டில் உடன்பிறந்தார் பலரோடும் கால்நடைகளோடும் வளர்ந்தார். பத்து வயதில் பள்ளி நூலகத்தில் எடுத்த ஒரு நூலில் மூலக்கூறுகளின் படங்களைக் கண்டு ஈர்க்கப்பட்டார். 15 வயதில் அமெரிக்கா சென்று பயின்றார். ‘உலோக-கரிமச் சட்டகம்’ என்னும் பெயரை 1995இல் வழங்கியவர் அவரே. 1999இல் அவர் குழுவினர் வெளியிட்ட ‘எம்.ஓ.எஃப்.-5’ துத்தநாக ஆக்சைடுக் கொத்துகளை டெரிப்தாலிக் அமிலத்தின் மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டப்பட்டது. வெற்று நிலையிலும் 300 பாகை வெப்பத்தைத் தாங்கியது. இணைக்கும் கரிமக் கோலை நீட்டினால் அறை பெரிதாகும், மாற்றினால் அறையின் இயல்பு மாறும் என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. துளையைக் கட்டும் உரிமை அவ்வாறு வேதியியலாரின் கைக்கு வந்தது.

தேர்ந்து கவரும் வழிகள்

எரிவாயுத் தூய்மையில் எல்லாவற்றையும் கவரும் பொருளால் பயனில்லை. மாசைக் கவர வேண்டும். மீத்தேனை விட்டுவிட வேண்டும். இத்தேர்வு மூன்று வழிகளில் நிகழ்கிறது.

முதலாவது, அளவால் தேர்தல். நீர் மூலக்கூறின் விட்டம் 0.265 நானோமீட்டர், கார்பன் டை ஆக்சைடு 0.33, ஹைட்ரஜன் சல்பைடு 0.36, நைட்ரஜன் 0.364, மீத்தேன் 0.38. வேறுபாடு மிகச் சிறிது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதிலும் இருபதில் ஒரு பங்கே கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனையும் பிரிக்கிறது. இத்துணை நுட்பமான சல்லடையை உருவாக்கும் முயற்சியில் ஃபுளோரின் கொண்ட சட்டகங்கள் வெற்றி கண்டுள்ளன. சவூதி அரேபியாவின் துவால் நகரில் உள்ள மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முகமது எடாவுதி குழுவினர், நிக்கலையும் பிரசீனையும் தளமாக்கி, உலோக ஃபுளோரைடு அலகுகளைத் தூணாக நிறுத்தி இவ்வகைச் சட்டகங்களை அமைத்தனர். 2017இல் எரிவாயுவின் ஈரத்தை நீக்கவும், 2018இல் ஹைட்ரஜன் சல்பைடையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒரே படியில் நீக்கவும் இவை உதவும் எனக் காட்டினர். தூணில் உள்ள உலோகத்தை நயோபியத்திலிருந்து அலுமினியத்துக்கு மாற்றியபோது வாயுக்களின்பால் சட்டகத்துக்குள்ள நாட்டமும் மாறியது.

இரண்டாவது, நாட்டத்தால் தேர்தல். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறில் ஆக்சிஜன் முனைகள் சற்றே எதிர்மின் தன்மையும் நடுவிலுள்ள கார்பன் சற்றே நேர்மின் தன்மையும் கொண்டவை. மீத்தேனோ எல்லாப் பக்கமும் ஒத்த நான்முகி. அத்தகைய மின்முனைப்பு அதற்கில்லை. ஆகவே சட்டகத்தின் சுவரில் நேர்மின் தன்மையுள்ள உலோக முனை வெளிப்பட்டு நின்றால், அது கார்பன் டை ஆக்சைடின் ஆக்சிஜனைப் பற்றும். மீத்தேனைப் பெரிதும் பொருட்படுத்தாது. மக்னீசியம் கொண்ட ‘எம்.ஓ.எஃப்.-74’ இதற்குத் தக்க சான்று. 20 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த மீத்தேனை அதன் வழியே செலுத்தியபோது, தன் எடையில் 8.9 விழுக்காடு அளவு கார்பன் டை ஆக்சைடை அது பிடித்துக்கொண்டது என்றும், 80 பாகை வெப்பத்திலேயே அதனை விட்டுவிட்டது என்றும் 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அமீனுக்கு வேண்டிய 120 பாகையோடு இதனை ஒப்பிட்டுக் காண்க.

மூன்றாவது, அசைவால் தேர்தல். சில சட்டகங்கள் இறுகிய கட்டடம் போன்றவையல்ல. பிரான்சில் ஜெரார் ஃபெரே குழுவினர் உருவாக்கிய ‘எம்.ஐ.எல்.-53’ என்னும் சட்டகத்தின் வழித்தடங்கள் உள்ளே வரும் விருந்தினருக்கு ஏற்பச் சுருங்கவும் விரியவும் வல்லவை. கார்பன் டை ஆக்சைடு நுழையும்போது அறை முதலில் சுருங்கி, அழுத்தம் கூடுகையில் மீண்டும் விரிகிறது. அறை வெப்பநிலையில் மீத்தேன் நுழையும்போது இவ்வசைவு நிகழ்வதில்லை. சட்டகம் ஆளறிந்து கதவைத் திறக்கிறது எனலாம்.

ஒரு சிறு கணக்கு

தேர்வுத்திறன் என்பது யாது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். கவரப்பட்ட நிலையில் இரு வாயுக்களின் விகிதத்தை, வெளியே வாயு நிலையில் அவற்றின் விகிதத்தால் வகுத்தால் கிடைப்பதே தேர்வுத்திறன்.

எரிவாயுவில் 10 பங்கு கார்பன் டை ஆக்சைடும் 90 பங்கு மீத்தேனும் உள்ளதாகக் கொள்வோம். வெளி விகிதம் ஒன்பதில் ஒன்று. ஒரு பொருளின் பரப்பில் இரண்டும் சமமாகப் படிந்தால் உள்விகிதம் ஒன்று. ஆகவே அதன் தேர்வுத்திறன் 9. பார்வைக்கு இது நல்ல எண்ணே. ஆனால் 10 பங்கு கார்பன் டை ஆக்சைடை நீக்கும்போது 10 பங்கு மீத்தேனும் உடன் சிக்குகிறது. அதாவது நமக்கு வேண்டிய எரிபொருளில் ஒன்பதில் ஒரு பங்கு மாசோடு போய்விடும். தேர்வுத்திறன் 90 ஆனால் உள்விகிதம் 10 ஆகும். 10 பங்கு மாசோடு ஒரு பங்கு மீத்தேனே சிக்கும். கவர்தல் நிகழும்போது வெளி விகிதமும் மாறிக்கொண்டே செல்லும் என்பதால் இது தோராயக் கணக்கே. எனினும் தேர்வுத்திறனின் பொருள் இதனால் விளங்கும்.

இது பண இழப்பு மட்டுமன்று. மீத்தேன் வானில் கலந்தால், நூறாண்டுக் கால அளவில், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடை விட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும். மாசோடு சிக்கிய மீத்தேனைக் கவனியாது வெளிவிட்டால், தூய்மை செய்யப் புகுந்த செயலே பெருங்கேடாக முடியும்.

பற்றுதலும் விடுதலும்

ஆலையில் கவர்பொருளை உருளை வடிவக் கலங்களில் நிரப்புவர். இரண்டு கலங்களைக் கொண்ட எளிய அமைப்பை எடுத்துக்கொள்வோம். முதற்கலத்தில் உயர் அழுத்தத்தில் எரிவாயு செல்லும், மாசு தங்கும், மீத்தேன் வெளியேறும். அக்கலம் நிறைந்ததும் எரிவாயுவை இரண்டாம் கலத்துக்குத் திருப்புவர். முதற்கலத்தின் அழுத்தத்தைக் குறைத்ததும் பிடிபட்ட மாசு பரப்பை விட்டு நீங்கும். பின்பு தூய வாயு சிறிதளவு செலுத்தி எஞ்சியதை அகற்றுவர். மீண்டும் முதற்கலம் பணிக்கு வரும். இது அழுத்த மாற்று முறை எனப்படும். அழுத்தத்துக்குப் பதிலாக வெப்பத்தை மாற்றினால் வெப்ப மாற்று முறை.

இம்முறையை ஊன்றி நோக்கினால் ஒரு உண்மை புலப்படும். மாசை மிக வலுவாகப் பற்றும் பொருளே சிறந்தது என்று முதலில் தோன்றும். அது சரியன்று. வலுவாகப் பற்றியதை விடுவிக்க அவ்வளவு ஆற்றல் செலவாகும். மிக மென்மையாகப் பற்றினாலோ மாசு மீத்தேனோடு தப்பிவிடும். பற்ற வேண்டிய இடத்தில் பற்றி, விட வேண்டிய பொழுதில் எளிதில் விடுவதே சிறந்த கவர்பொருளின் இலக்கணம். செய்தித்தாள்கள் பரப்பளவின் பெருமையையே பேசுகின்றன. ஆனால் ஆலைப் பொறியாளர் கேட்பது வேறு: ஆயிரம் முறை பற்றி ஆயிரம் முறை விட்ட பின்னும் இப்பொருள் முதல்நாள் போலவே இருக்குமா?

தடைகள்

இவ்வினாவுக்கு முன்னால் பல சட்டகங்கள் தலைகுனிந்தன. புகழ்பெற்ற எம்.ஓ.எஃப்.-5 ஈரக்காற்றுப் பட்டாலே சிதையும். மக்னீசியச் சட்டகத்தின் உலோக முனைகளை நீராவி கைப்பற்றிக்கொண்டால் கார்பன் டை ஆக்சைடைக் கவரும் ஆற்றல் குன்றிவிடும். நிலத்தடி எரிவாயுவில் ஈரம் எப்போதும் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு சில உலோகங்களோடு வினைபுரிந்து சட்டகத்தையே குலைத்துவிடும்.

இக்குறையை நீக்கும் வழிகளும் காணப்பட்டுள்ளன. 2008இல் நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தார் சிர்க்கோனியம் கொத்துகளைக் கொண்ட ‘யு.ஐ.ஓ.-66’ என்னும் சட்டகத்தை வெளியிட்டனர். ஒவ்வொரு கொத்தும் 12 கரிமக் கோல்களால் பிணைக்கப்பட்டிருப்பதால் அது நீரையும் வெப்பத்தையும் நன்கு தாங்குகிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழுவினர் உருவாக்கிய ‘கால்ஃப்-20’ என்னும் துத்தநாகச் சட்டகம் நீராவியையும் ஈரமான அமில வாயுக்களையும் தாங்கி நிற்பதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. அது எரிவாயுக் கிணற்றுக்காக அன்றி, ஆலைப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கவே பயன்பட்டு வருகிறது. ஆயினும் ஆய்வகக் குப்பியிலிருந்து டன் கணக்கான உற்பத்திக்குச் சட்டகம் வளர முடியும் என்பதற்கு அதுவே சான்று.

விலையும் வடிவமும் அடுத்த தடைகள். ஆய்வகத்தில் கிடைப்பது நுண்தூள். அதனை அப்படியே கலத்தில் நிரப்பினால் வாயு செல்ல வழியிராது. மணியாகத் திரட்ட வேண்டும். திரட்ட அழுத்தினால் நுண்ணறைகள் நொறுங்கக்கூடும். பசை சேர்த்தால் துளைகள் அடைபடக்கூடும். இதுவரை அறிவிக்கப்பட்டுள்ள சட்டகங்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் வணிகப் பயனுக்கு வந்தவை மிகச் சிலவே. எரிவாயுத் தூய்மையில் இன்றும் அமீனும் ஜியோலைட்டுமே ஆட்சி செய்கின்றன என்பதை மறைக்காமல் கூறுதல் கடமை.

நம் ஊர்ச் சாண எரிவாயு

இவ்வாய்வு தொலைவில் உள்ள எண்ணெய் வயல்களுக்கு மட்டும் உரியதன்று. சாணத்தையும் காய்கறிக் கழிவையும் நொதிக்கச் செய்து பெறும் எரிவாயுவில் மீத்தேன் ஏறத்தாழ 50 முதல் 65 விழுக்காடு வரை உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் ஈரமும் உண்டு. மாசுகள் அதே மாசுகள். பிரிக்க வேண்டிய முறையும் அதே முறை. இவ்வாயுவைத் தூய்மையாக்கி அழுத்தி வண்டிகளுக்கு எரிபொருளாக்கும் திட்டத்தை நடுவண் அரசு 2018இல் தொடங்கியது. ஒரு சிற்றூர்ப் பண்ணையில் அமீன் கோபுரத்தை நிறுவ இயலாது. நெடுநாள் உழைக்கும் கவர்பொருள் நிரப்பிய இரு சிறு கலங்களை நிறுவ இயலும். சட்டகங்களின் விலை குறையுமாயின் அவற்றின் பயன் முதலில் இத்தகைய சிறிய இடங்களில் வெளிப்படக்கூடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. இயற்கை எரிவாயு தூய்மை செய்யப்பட்ட பின்னரே தூயது. அத்தூய்மைக்கு ஆகும் ஆற்றல் பெரும்பாலும் மாசைப் பிடிப்பதில் அன்று, பிடித்ததை விடுவிப்பதிலேயே செலவாகிறது. உலோக-கரிமச் சட்டகங்கள் அச்செலவைக் குறைக்கும் வழியைக் காட்டியுள்ளன. ஈரமும் நஞ்சும் நிறைந்த உண்மையான எரிவாயுவில் நீண்டகாலம் உழைத்துக் காட்டும் தேர்வை அவை இன்னும் முழுமையாக வெல்லவில்லை. தூய்மையாக்கப்பட்ட மீத்தேனும் எரியும்போது கார்பன் டை ஆக்சைடையே தரும் என்பதையும் மறத்தல் ஆகாது. பிரித்த மாசையும் எங்கே சேர்ப்பது என்னும் வினாவும் நம்மோடு உள்ளது.

மரப்பந்தில் துளையிட்ட ஆசிரியர், பயனென்ன என்று கேட்கப்பட்டும் தளராத ஆய்வாளர், ஏதிலியர் வீட்டில் பிறந்து நூலகத்தில் மூலக்கூற்றின் படம் கண்ட சிறுவர் ஆகிய மூவரின் உழைப்பு ஒரு துறையாக வளர்ந்தது. குறை என்று உலகம் ஒதுக்கிய புரையை அவர்கள் உற்று நோக்கினர்; அதில் இடம் இருப்பதைக் கண்டனர். நம் கல்லூரி நூலகத்திலும் திறக்கப்படாத நூல்கள் பல உள்ளன. மாணவர் அவற்றைத் திறந்து நோக்குவாராக. இத்துறையில் எஞ்சியுள்ள வினாக்களுள் ஒன்றுக்கேனும் இங்கிருந்து விடை பிறக்குமாயின், அது கல்லூரிக்கும் தாய்மொழிக்கும் பெருமை சேர்க்கும்.